எலிக்கு விருந்து, பூனைக்குப் பட்டினி

கல்லிடைக்குறிச்சியில் என் பெரியம்மா இருக்கிறார். வயது 79. பெரியப்பா காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. ஒரே மகன், மஸ்கட்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு அவனிடமிருந்து போன் வரும். அதற்காகவே ஏழரைக்கெல்லாம் சாப்பிட்டு முடித்து, டி.வி.யை அணைத்துவிட்டு, செல்போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

2018 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. பெரியம்மா யாரிடமும் மூச்சு விடவில்லை. மஸ்கட்டிலிருந்து தம்பி பதறிப்போய் என்னைக் கூப்பிட்டான். 'அம்மா நம்பருக்கு லைனே போக மாட்டேங்குது. என்னன்னு பாருங்க' என்றான். பக்கத்து வீட்டுப் பையனைப் பிடித்து, அவன் போனில் பெரியம்மாவிடம் பேசினேன்.

"ஏய்யா, அவன் எம்மேல கோவமா இருக்காம்லா? வீட்டை வித்துட்டு எங்கூட வந்திரும்மான்னு கேட்டான். நான் மாட்டேம்னுட்டேன். அந்தக் கோவத்துலதான் பேசாம இருக்கான்னு நெனச்சேன்" என்றார்.

பதினைந்து நாள் அந்த நினைப்போடு ஒரு கிழவி தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார்.

மகனுக்குக் கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. செல்போன் கம்பெனி இன்கமிங்கை வெட்டிவிட்டது. பெரியம்மாவின் கணக்கில் நூறு ரூபாய்க்கு மேல் பாக்கி இருந்தது. ஆனால் மாதாமாதம் 35 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தால்தான் இனிமேல் போன் வரும் என்று புதிதாக ஒரு விதி போட்டிருந்தார்கள். அதைச் சொல்லி எஸ்.எம்.எஸ்.சும் அனுப்பியிருந்தார்கள். இங்கிலீஷில்! பெரியம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அது 'லைஃப்டைம்' இணைப்பு. 2006-ல் பெரியப்பா 999 ரூபாயை மொத்தமாகக் கட்டி வாங்கிக் கொடுத்தது. 'ஆயுசு பூரா உனக்குக் கவலை இல்லை' என்று சொல்லிக் கொடுத்தாராம். இணைப்பின் ஆயுள் பெரியம்மாவின் ஆயுளுக்கு முன்னால் முடிந்துவிட்டது.

லைஃப்டைம் கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். 2005 டிசம்பரில் ஏர்டெல் 999 ரூபாய்க்கு அதை அறிவித்தது. மற்ற கம்பெனிகளும் வரிசையாக வந்தன. அப்போது 999 ரூபாய் என்பது சின்னத் தொகை இல்லை. 'ஆயுள் என்றால் யாருடைய ஆயுள்?' என்று அப்போதே கேள்வி வந்தது. 2006-ல் டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், பதில் சொன்னது. கம்பெனியின் உரிமம் உள்ள வரை அந்தத் திட்டம் செல்லும், உரிமம் புதுப்பிக்கப்பட்டால் அப்போதும் செல்லும் என்றது. 2018-ல் உரிமம் இருந்தது, கம்பெனி இருந்தது, வாடிக்கையாளர் உயிரோடு இருந்தார். திட்டம் மட்டும் செத்துப்போனது. நிறைய இடங்களிலிருந்து கூச்சல் கிளம்பிய பிறகு, கணக்கில் போதிய பணம் இருப்பவர்களின் இணைப்பை உடனே துண்டிக்கக் கூடாது என்று அந்த நவம்பர் கடைசியில் டிராய் கம்பெனிகளுக்கு எழுதியது. மாதாந்திர ரீசார்ஜ் என்னவோ அப்படியே நிலைத்துவிட்டது.

அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு கலர் குடை. அதன் கீழே டை கட்டிய ஒரு பையன். பெரியம்மாவின் இன்கமிங்கை வெட்டிய அதே கம்பெனிதான். "சார், சிம் ஃப்ரீ சார். வேற நெட்வொர்க்லேருந்து மாறினா முதல் ரீசார்ஜ்ல ஆஃபர் இருக்கு சார்" என்றான். பன்னிரண்டு வருஷம் கூடவே இருந்த கிழவிக்கு ஃபைன், இன்றைக்கு வருகிறவனுக்கு ஃப்ரீ!

புது மாப்பிள்ளைக்குத் தலைதீபாவளி தடபுடல் நம் ஊரில் உண்டுதான். அதற்காக மூத்த மாப்பிள்ளை சாப்பிட்ட இலைக்குப் பில் போட்டுக் கொடுக்கிற மாமனாரை நான் பார்த்ததில்லை. ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள் என்பார்கள். இவர்கள் மோகத்தை 28 நாளோடு முடித்துக்கொள்கிறார்கள். (28 நாளை ஒரு மாதம் என்று விற்றால் வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம் வரும். பதின்மூன்றாம் மாதச் சம்பளம் உங்களுக்கு வருகிறதா? 2022-ல் டிராய் தலையிட்டு, 30 நாள் திட்டம் ஒன்றையாவது கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்றது. ஒன்றை வைத்துவிட்டு மற்றதையெல்லாம் 28 நாளிலேயே ஓட்டுகிறார்கள்.)

ஒரு காலத்தில் இதற்கு நேர்தலைகீழாக இருந்தது. லேண்ட்லைன் நாட்களில் புது வாடிக்கையாளர்தான் அழ வேண்டும். விண்ணப்பம் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அல்லது எம்.பி. கோட்டாவுக்கு அலைய வேண்டும். கல்லிடைக்குறிச்சியில் தெருவுக்கு ஒரு போன் இருந்தால் அதிகம். டிரங்க் கால் வந்தால் தெருவே கூடும். அந்த ராஜ்ஜியம் போனதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. 1995-ல் செல்போன் வந்தபோது வந்த காலுக்கும் காசு கொடுத்தோம். 2003-ல் இன்கமிங் இலவசமானது. போட்டி வந்தது, விலை இறங்கியது, கூலி வேலைக்குப் போகிறவர் கையிலும் போன் வந்தது. போட்டி நல்லது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. போட்டியின் பலன் யாருக்குப் போகிறது என்பதுதான் என் சண்டை.

என் கதைக்கு வருகிறேன். நானும் ஒரு கம்பெனியில் பதினான்கு வருஷமாக இருக்கிறேன். அவர்கள் விலையை ஏற்றும்போதெல்லாம் முனகிக்கொண்டே கட்டியிருக்கிறேன். இந்த வாரம் ஒரு பரீட்சை செய்து பார்த்தேன். போனில் 'போர்ட்' என்று டைப் செய்து, ஒரு இடம் விட்டு, என் நம்பரைப் போட்டு 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினேன். கம்பெனியை மாற்றுவதற்கான கோடு உடனே வந்தது. மறுநாள் காலையில் ஒரு பெண் பேசினார். அவ்வளவு இனிமையாக அந்தக் கம்பெனியில் என்னிடம் யாரும் பேசியதே இல்லை.

"சார், எங்களை விட்டு ஏன் சார் போறீங்க? உங்களுக்காக ஒரு ஸ்பெஷல் ஆஃபர் இருக்கு. நீங்க போடுற அதே 84 நாள் பிளான், நூறு ரூபா கம்மியா தரோம் சார்."

"ரொம்ப சந்தோஷம்மா. இது எப்பலேருந்து இருக்கு?"

"இது எல்லாருக்கும் கிடையாது சார். போர்ட் அவுட் ரிக்வெஸ்ட் குடுத்த கஸ்டமருக்கு மட்டும்தான்."

"அப்ப பேசாம இருந்திருந்தா?"

பதில் இல்லை. பாவம், அவர் என்ன செய்வார்? முன்னால் இருக்கிற திரையில் எழுதியிருப்பதைத்தானே படிக்க முடியும்? ஆனால் அந்தத் திரையில் எழுதிக் கொடுத்தவர்களுக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. நூறு ரூபாய் குறைத்தாலும் அவர்களுக்குக் கட்டும். அப்படியானால் இத்தனை வருஷம் என்னிடம் வாங்கிய நூறு நூறு ரூபாய் எதற்கு? நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கு.

நான் பாளையங்கோட்டையில் பி.காம். படித்தேன். அக்கவுண்டன்சியில் 'குட்வில்' என்று ஒரு பாடம் உண்டு. ஒரு வியாபாரத்தின் நற்பெயருக்கு விலை போடுவது எப்படி என்கிற பாடம். 1810-ல் இங்கிலாந்து நீதிபதி எல்டன் பிரபு சொன்ன விளக்கத்தை நாங்கள் மனப்பாடம் செய்வோம். பழைய வாடிக்கையாளர் பழைய இடத்தையே தேடி வருவார் என்கிற நம்பிக்கைதான் குட்வில் என்பது அதன் சாரம். பிறகு 1934-ல் ஓர் இங்கிலாந்து வழக்கில் வாடிக்கையாளரை மிருகங்களாகப் பிரித்தார்கள். முதலாளி மாறினாலும் அதே கடைக்கு வருகிறவர் பூனை. முதலாளி எங்கே போனாலும் பின்னாலேயே போகிறவர் நாய். எங்கேயும் ஒட்டாமல் ஓடிக்கொண்டே இருப்பவர் எலி. பூனை எவ்வளவு அதிகமோ குட்வில்லின் மதிப்பு அவ்வளவு அதிகம், எலிக்கு மதிப்பே கிடையாது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

செல்போன் கம்பெனிகள் இந்தப் பாடத்தை நன்றாகவே படித்திருக்கின்றன. பூனை எங்கும் போகாது என்று தெரிந்துகொண்டு, அதன் பாலை எடுத்து எலிக்கு வைக்கிறார்கள். உங்கள் விசுவாசம் அவர்கள் கணக்கில் ஒரு சொத்து. உங்கள் கணக்கில் அது நஷ்டம்.

'பழைய வாடிக்கையாளரும் போர்ட் செய்துகொள்ளலாமே, யார் தடுத்தார்கள்?' என்று கேட்பீர்கள். நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி 2011 ஜனவரி 20-ல் நாடு முழுக்க வந்தது. கட்டணம் அப்போது 19 ரூபாய், பிறகு 6 ரூபாய் 46 காசாகக் குறைத்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெரியம்மாவைப் பாருங்கள். பென்ஷன் வரும் பேங்க், கேஸ் சிலிண்டர், ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் அந்த ஒரு நம்பரில்தான் தொங்குகின்றன. எஸ்.எம்.எஸ். அனுப்பத் தெரியாது. போர்ட் செய்கிறேன் என்று பாதியில் நின்றுவிட்டால் ஓ.டி.பி. வராது, பணம் எடுக்க முடியாது. 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஏர்செல் டவர்கள் அணைந்தபோது ஜனம் பட்ட பாடு ஞாபகம் இருக்கிறதா? போர்ட் கோடு வாங்குவதற்காக அலுவலக வாசலில் வெயிலில் வரிசை. அந்த மாதக் கடைசியில் கம்பெனி திவால் மனு போட்டது. நம்பர் போய்விடுமோ என்கிற பயம் அன்றைக்கு எல்லார் முகத்திலும் இருந்தது. அந்தப் பயம்தான் கம்பெனிகளின் மூலதனம். மாறத் தெரிந்தவனுக்குத் தள்ளுபடி, மாறத் தெரியாதவருக்கு முழு விலை. வயதானவர், படிக்காதவர், நேரமில்லாதவர், இவர்களிடம் கூடுதலாக வாங்கி, இரண்டு சிம் போட்டு விளையாடுகிற விவரமான பையனுக்குக் கொடுக்கிறார்கள்.

இப்போதெல்லாம் மாதத்துக்கு ஒரு கோடிக்கு மேல் போர்ட் விண்ணப்பங்கள் வருவதாக டிராயின் மாதாந்திர அறிக்கை சொல்கிறது. பெரிய எண்ணிக்கைதான். ஆனால் நாட்டில் இணைப்புகள் நூறு கோடிக்கு மேல். அதாவது ஒரு மாதத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர் கிளம்புகிறார். 99 பேர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறோம். கிளம்புகிற ஒருவரைப் பிடித்து நிறுத்தும் செலவையும், பக்கத்துக் கம்பெனியிலிருந்து ஒருவரை இழுத்து வரும் செலவையும் இந்த 99 பேர்தான் ஏற்கிறோம். போதாததற்கு புது இணைப்பு பிடித்துக் கொடுக்கும் ஏஜென்டுக்குக் கமிஷன் வேறு. நாம் பத்து வருஷம் இருந்ததற்கு யாருக்கும் கமிஷன் இல்லை!

சட்டம் என்ன சொல்கிறது? 1999-ம் வருஷத்துத் தொலைத்தொடர்புக் கட்டண ஆணையிலேயே, ஒரே வகைச் சந்தாதாரர்களுக்குள் பாகுபாடு காட்டக் கூடாது என்று இருக்கிறது. எந்தக் கட்டணமாக இருந்தாலும் டிராயிடம் தெரிவிக்க வேண்டும். அப்படியானால் எனக்குப் போனில் காதோடு காதாகச் சொன்ன நூறு ரூபாய்த் தள்ளுபடி எந்தக் கணக்கில் வருகிறது? இதற்குக் கம்பெனிகள் ஒரு அழகான பெயர் வைத்திருக்கின்றன. 'செக்மென்டட் ஆஃபர்'. கூறு போட்டு, குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் கொடுக்கும் சலுகை. இது பொதுவான கட்டணத் திட்டம் கிடையாது, போகிறவர்களைத் தக்கவைக்கும் ஏற்பாடு, அதனால் வெளியே சொல்ல வேண்டியதில்லை என்பது அவர்கள் வாதம்.

2018 பிப்ரவரியில் டிராய் ஒரு ஆணை போட்டு, இந்தச் சலுகைகளையும் எங்களிடம் சொல்லுங்கள் என்றது. ஏர்டெல்லும் அப்போதைய ஐடியாவும் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயத்துக்குப் போயின. அந்த வருஷம் டிசம்பரில் தீர்ப்பாயம் ஆணையின் முக்கியப் பகுதிகளை ரத்து செய்தது. டிராய் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2020 நவம்பர் 6-ம் தேதி, கேட்கும் விவரங்களை டிராயிடம் கொடுங்கள் என்று கம்பெனிகளுக்கு சுப்ரீம் கோர்ட் சொன்னது. கூடவே, அந்த விவரங்களைப் போட்டிக் கம்பெனிகளுக்குத் தெரியாமல் ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று டிராய்க்கும் சொன்னது. போட்டிக்காரனுக்குத் தெரியக் கூடாது, சரி. காசு கொடுக்கிற எனக்கும் தெரியக் கூடாதா? 2021-ல், வேறு கம்பெனியிலிருந்து மாறி வருகிறவர்களுக்குப் பதிவு செய்யாத சலுகைகளை ஏஜென்டுகள் மூலம் கொடுக்கக் கூடாது என்று டிராய் திரும்பவும் எழுத வேண்டி வந்தது. ஒருமுறை சொல்லிக் கேட்டிருந்தால் மறுபடி ஏன் எழுதப் போகிறார்கள்?

'புது வாடிக்கையாளருக்குச் சலுகை கொடுக்காத வியாபாரம் எங்கே இருக்கிறது? ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடி போடவில்லையா?' என்று ஒரு நண்பர் கேட்டார். போடுகிறார்கள். ஆனால் வாசலில் போர்டு எழுதிப் போடுகிறார்கள். திருநெல்வேலி வடக்கு ரத வீதியில் ஆடி மாதம் உள்ளே நுழைந்தால் உங்களுக்கும் எனக்கும் ஒரே தள்ளுபடி. 'நீங்க போன தீபாவளிக்கும் இங்கேதானே எடுத்தீங்க? அப்ப உங்களுக்கு முழு விலை' என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால் என்ன நடக்கும்?

கல்லிடைக்குறிச்சி என்றால் அப்பளம். அந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஓர் அப்பளக்கடை அண்ணாச்சியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். சிரித்தார்.

"அதெப்படிவே, பழைய ஆளுக்கு ஒரு வெலை, புது ஆளுக்கு ஒரு வெலை? புதுசா வாரவன் ஒரு தடவை வாங்குவான். புடிச்சா வருவான், புடிக்காட்டா போயிருவான். பழைய ஆளு அப்படியா? மவன் பம்பாய்ல வீடு கட்டி அங்கேயே போனாலும், வீட்ல ஒரு விசேஷம்னா இங்கதான் சொல்லிவிடுதாரு. கட்டுக்கு ரெண்டு அப்பளம் கூடப் போடணும்னா அவருக்குல்லா போடணும்? நீரே சொல்லும்."

அந்தக் கூடப் போடுகிற இரண்டுக்கு நம் மொழியில் கொசுறு என்று பேர். வாடிக்கையாளர் என்கிற வார்த்தைக்குள்ளேயே திரும்பத் திரும்ப வருகிறவர் என்ற அர்த்தம் இருக்கிறது. ஒரே ஒரு தடவை வந்தவரை நாம் வாடிக்கை என்று சொல்வதில்லை. கம்பெனிகளின் விளம்பரத்தில் 'அன்பான வாடிக்கையாளரே' என்று கூப்பிடுகிறார்களே, அவர்கள் உண்மையில் அன்பு காட்டுவது இன்னும் வாடிக்கை ஆகாதவர்களிடம்.

இது இந்தியாவுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. இங்கிலாந்தில் இதற்கு 'விசுவாசத்துக்கு அபராதம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 2018-ல் அங்கே ஒரு நுகர்வோர் அமைப்பு, மொபைல், பிராட்பேண்ட், வீட்டு இன்ஷூரன்ஸ், வீட்டுக் கடன், சேமிப்புக் கணக்கு ஆகிய ஐந்திலும் பழைய வாடிக்கையாளர்கள் வருஷத்துக்கு நானூறு கோடி பவுண்டுக்கு மேல் கூடுதலாகக் கட்டுகிறார்கள் என்று கணக்குப் போட்டு அரசிடம் புகார் கொடுத்தது. அரசு அதை ஃபைலில் வைத்துத் தூங்கவில்லை. 2022 ஜனவரி 1 முதல், வீட்டு இன்ஷூரன்சையும் வாகன இன்ஷூரன்சையும் புதுப்பிக்கும் பழைய வாடிக்கையாளரிடம், புதிதாக வருகிறவருக்குச் சொல்லும் விலையை விட ஒரு பைசா கூடுதலாகக் கேட்கக் கூடாது என்று அங்கே சட்டம். கம்பெனிகள் ஒன்றும் மூடிக்கொண்டு போய்விடவில்லை.

நான் கேட்பதும் அவ்வளவுதான். புதிதாக வருகிறவருக்குச் சலுகை கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். கிளம்புகிறவரைக் கெஞ்சி நிறுத்துங்கள். ஆனால் அந்தச் சலுகை என்ன என்பதை ஊரறிய எழுதிப் போடுங்கள். அதே திட்டத்தில் இருக்கும் பழைய வாடிக்கையாளர் ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் அவருக்கும் அது கிடைக்க வேண்டும். எஸ்.எம்.எஸ். அனுப்பத் தெரியாதவருக்கு, ரீசார்ஜ் கடையில் சொன்னாலே கிடைக்க வேண்டும். செய்தி அனுப்பினால் தமிழில் அனுப்புங்கள். டிராய் நினைத்தால் 1999-ம் வருஷத்து ஆணையை வைத்துக்கொண்டே இதைச் செய்ய முடியும் என்பது என் அபிப்பிராயம்.

'அப்படிச் செய்தால் சலுகையே இல்லாமல் போய்விடும், எல்லாருக்கும் விலை ஏறும்' என்று பயமுறுத்துவார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து அடுத்த மார்ச் வரை இலவசமாகக் கொடுத்தபோது, அதுவரை ஒரு ஜி.பி.க்கு 250 ரூபாய் வரை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எத்தனை வேகமாக இறங்கி வந்தார்கள்! அன்றைக்கு இறங்கிய விலை பழையவர்களுக்கும் சேர்த்துத்தான் இறங்கியது. அப்புறம் 2019, 2021, 2024 என்று மூன்று முறை பெரிய அளவில் ஏற்றியபோதும் எல்லாருக்கும் சேர்த்துத்தான் ஏற்றினார்கள். ஏற்றுவது என்றால் ஊருக்கே ஏற்றத் தெரிகிறது. குறைப்பது என்றால் மட்டும் காதோடு காதாகவா?

பெரியம்மாவுக்கு இப்போது நான்தான் சென்னையிலிருந்து ரீசார்ஜ் செய்கிறேன். மாதம் தவறாமல் அவர் ஒரு கேள்வி கேட்பார். "ஏய்யா, கட்டியாச்சா? ஞாயித்துக்கெழம அவன் போன் வரும்லா?"

கட்டியாகிவிட்டது. என் சொந்த போனில் அந்த போர்ட் கோடு இன்னும் இருக்கிறது. நாலு நாள்தான் செல்லும். இன்றைக்கு மூன்றாவது நாள். அந்தப் பெண் காலையில் இன்னொரு முறை கூப்பிட்டு, ஆஃபரில் இன்னும் ஐம்பது ரூபாய் குறைத்திருக்கிறார்.